இதரச் செலவு

சமையலறை மேசையில் கட்டம் போட்ட நோட்டு.
கோச்சா கோடு கிழிக்கிறான்,
அளவுகோல் அகப்படாமல்
ரொட்டிக் கத்தியின் முதுகை வைத்து.
இடப்பக்கம் குடாய்சி, வலப்பக்கம் போஸ்னான்,
நடுவில் மாவு ஒட்டிய கோடு.

குடாய்சிப் பக்கம் சுலபம்.
துணி துவைக்கும் இயந்திரம் விற்க வேண்டும்.
குளிர்காலச் சக்கரங்கள் நான்கு
(கார் போன வருடமே போய்விட்டது).
பன்னிரண்டு பேருக்கான கோப்பைகள்,
இரண்டு குறைவதை வாங்குகிறவர் எண்ணிக்கொள்ளட்டும்.

போஸ்னான் பக்கம்தான் எண்கள் பல்லைக் காட்டுகின்றன.
ஓர் அறை, இரண்டாயிரத்து முந்நூறு ஸ்லோட்டி.
முன்பணமாக அதே தொகை இன்னொரு முறை.
டிராம் சீட்டு இருவருக்கு.
சான்றிதழ்களை மொழிபெயர்த்து முத்திரை குத்த
பக்கக் கணக்கில் கூலி.
பதினோரு வருடம் நான் பல் செட்டு செய்தவள் என்பதைப்
போலிஷில் சொல்ல ஆறு பக்கமாகிறது.
"சுருக்கிச் சொல்ல முடியாதா?" என்கிறான்.

வரவில் அவன் பெயர்:
மரச்சாமான் தொழிற்சாலை, நான்காயிரத்து அறுநூறு.
அதன்கீழ் என் பெயர்:
மாக்வாலா, முதல் மூன்று மாதம், பூஜ்யம்.
அவன் அதைச் சின்னதாகத்தான் போட்டிருந்தான்.
பேனாவை வாங்கி
மற்ற பூஜ்யங்களின் அளவுக்கு
அதைப் பெரிதாக்கினேன்.

கூட்டினோம். நூற்றெண்பது துண்டு விழுந்தது.
காப்பியை எடுத்தோம்.
சிகரெட்டை அவனே அடித்தான்;
மறுநாள் காலை பென்சில் எழுத்தில்
பாதி சிகரெட் திரும்பி வந்திருந்தது.
தலைச்சாயத்தை நான் அடித்தேன்:
அங்கே யாருக்கு என் வயது தெரியும்?
இன்னும் நாற்பது உதைத்தது.

கடைசி வரியில் 'இதர' என்று ஒன்று இருந்தது,
மாதம் நூற்றைம்பது, ஒதுக்கி வைக்க.
எதற்கென்று நான் கேட்கவில்லை, அவன் சொல்லவில்லை.
முன்பதிவில்லாமல், ஒரே நாளில்,
அங்கிருந்து இங்கே வர இருவருக்கு என்ன ஆகும் என்று
அவன் தூங்கியபின் நான் பார்த்தேன்.
நான் தேடுமுன்பே
அவன் தேடியது திரையில் இருந்தது.

உப்பு கேட்டு மாடியிலிருந்து இறங்கி வந்தார்
மாமனார் ஜும்பெர்.
முப்பது வருடம் ரயில் நிலையத்தில் டிக்கெட் ஜன்னல்.
எதிர்ப்பக்கத்துக் காகிதத்தைத் தலைகீழாகப் படிப்பது
அவருக்குப் பழக்கம்.
வாடகை, முன்பணம், டிராம் எல்லாம் கடந்து
விரல் 'இதர'வில் நின்றது.

"இது நானா?" என்றார்.

கோச்சா கெட்டிலைக் கழுவப் போனான்,
கழுவி வைத்த கெட்டிலை.

"ரெண்டு டிக்கெட் எதுக்கு? ஒருத்தர் வந்தால் போதும்.
மாக்வாலா புதுசா வேலையில சேர்ந்திருப்பாள்,
லீவு கொடுக்க மாட்டாங்க.
புதனும் ஞாயிறும்தானே நேர் விமானம்?
செவ்வாய்க்கிழமை சாயங்காலமாப் பார்த்துக்கிறேன்.
பெட்டியில்லாத கட்டணமே எடு,
கறுப்புச் சட்டை என் அலமாரியில இருக்கு,
தோள் கொஞ்சம் பிடிக்கும், அவ்வளவுதான்."

நூற்றைம்பதை அடித்தார்.
எழுபத்தைந்து என்று எழுதினார்,
ஏழுக்குக் குறுக்கே ஒரு கோட்டோடு,
யாரும் ஒன்றென்று படித்துவிடாதபடி.

அவர் போனபின் கூட்டிப் பார்த்தோம்.
முப்பத்தைந்து மிச்சம்.
மூன்று வாரத்தில் முதல் மிச்சம்.
காப்பியைத் திரும்பச் சேர்க்கலாம், சாயத்தைச் சேர்க்கலாம்.
இருவரும் பேனாவைத் தொடவில்லை.
தண்ணீர் மட்டும் கொதித்துக்கொண்டிருந்தது.

பிறகுதான் பார்த்தேன்,
உப்பை வாங்காமலே போயிருக்கிறார்.
கிண்ணத்தில் கொட்டி எடுத்துக்கொண்டு
மாடிப்படி வரை போய்த்
திரும்பி வந்து,
எல்லாம் சுலபமாக இருந்த
குடாய்சிப் பக்கத்தின் அடியில் எழுதினேன்:
உப்பு, ஐந்து கிலோ.