மூன்றாம் பக்கத்தின் அடியில் ஒரு கேள்வி

ஒன்பது மாதம் சும்மாதான் கொடுத்தேன்.
மூஞ்சிக்கல் ஜெராக்ஸ் கடையில் இருநூற்றைம்பது பிரதி,
நான்கு பக்கம், நடுவில் ஒரு பின்.
மன்னவனூர் பஸ் நடத்துநர்
என்ஜின் சூட்டில் காயவைத்தபடி கொண்டுபோய்
நிறுத்தத்துக்கு ஒரு கட்டாக இறக்குவார்.
பூம்பாறையில் அதில் போண்டா மடிப்பதாகக் கேள்வி.
எண்ணெய் ஊறினால்
பணவீக்கம் மறுபக்கம் வரை தெரியும்.

காகித விலை ஏறிவிட்டது,
என் தாளிலேயே எழுதியிருந்தேன்.
ஆகவே இம்மாதம் மூன்றாம் பக்கத்தின் அடியில்
கைமாற்று கேட்பவள் குரலில், சின்ன எழுத்தில்:
பொருளாதாரத்தில் எதை எழுதினால்
பத்து ரூபாய் தருவீர்கள்?

முதல் பதில் பஸ் டிக்கெட்டின் முதுகில் வந்தது.
'மழை.'
அவ்வளவுதான். கையெழுத்து இல்லை.

கவுஞ்சி மச்சக்காளைக்குப்
பாறை மேல் ஏறினால்தான் சிக்னல். ஏறி நின்று கத்தினார்:
"வடுகபட்டில போன வாரம் பூண்டு என்ன வெலைன்னு போட்டிருக்கீங்க.
வித்துட்டு வந்தவனே நான்தாம்மா.
வர்ற வியாழக்கிழமைய எழுதுங்க,
நூறு தாரேன்."
மீதியைக் காற்று கொண்டுபோனது.

ஏரிச்சாலை விடுதி பெஞ்சமின் விஜயரத்தினம்
தட்டச்சு செய்து அனுப்பியிருந்தார்:
மே மாதம் எத்தனை கார் மலையேறும்,
அதையும் ஆங்கிலத்தில் தந்தால்
ஆண்டுச் சந்தாவே கட்டத் தயார்.

ரெப்போ வட்டி பற்றி மூன்று இரவு
ஸ்வெட்டருக்குள் விரல்களை இழுத்து இழுத்து எழுதினேனே,
அதை ஒரே ஒருவர் குறிப்பிட்டார்.
ஏழு ஒற்றுப்பிழையாம்.

கேரட் கழுவும் ஷெட்டில் ஒச்சம்மாள்,
விரல்நுனி ஊறி வெளுத்திருந்தது.
மகள் வாசித்துக் காட்டினாளாம்.
"மத்த ஷெட்டுல பொம்பளையாளுக்கு என்ன கூலின்னு போடு.
பேரு வேணாம். துட்டு மட்டும் போடு."
ஈரமாய் ஓர் ஐந்து ரூபாய் நாணயம்.
மீதி ஐந்து, படித்த பிறகு.

தரகர் சிதம்பரபாண்டி எழுதவில்லை, கூப்பிடவில்லை.
நேரே வந்தார்.
டீ வேண்டாமென்று சொல்லிவிட்டுக் குடித்தார்.
"கமிஷன் பத்தி நல்லா எழுதுறீங்க."
டம்ளரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.
"எழுதாம இருக்க
மாசம் மூவாயிரம் ஆகுமா?"

எம்.காம். படித்தவள் நான்.
அளிப்புக் கோடும் தேவைக் கோடும்
என் வீட்டு பிளாஸ்டிக் நாற்காலியில் வந்து
வெட்டிக்கொண்டதை இதற்குமுன் பார்த்ததில்லை.
கணக்கும் போட்டேன், பொய் சொல்வானேன்.
தலைக்குப் பத்து என்றால் முந்நூறு வாசகர்.
இருப்பவர்களைவிட
ஐம்பது பேர் அதிகம்.

அடுத்த இதழின் விலைப்பட்டியல்:
பூண்டு, மலை ரகம், கிலோ இருநூற்றுப் பத்து.
பேரிக்காய், வரத்து இல்லை.
கேரட் கழுவும் கூலி, பெண்கள், நான்கு ஷெட்:
முந்நூறு, முந்நூற்றிருபது, முந்நூறு, இருநூற்றெண்பது.
மௌனம், மாதத்துக்கு மூவாயிரம். பேரம் உண்டு.

முகப்பில் பத்து ரூபாய் என்று அச்சிட்டேன்.
போண்டாக் கடைக்காரர் கட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார்,
மடிக்கக் கட்டுப்படியாகாதாம்.
அதே பஸ்ஸில், நடத்துநர் கையில்,
ஒச்சம்மாளின் மீதி ஐந்து வந்தது.
இருநூற்றெண்பது அவள் ஷெட்.