பெங்களூரா

வயது வரம்பு
நான்கு வருடம் முன்பே என்னைக் கடந்து போயிருந்தது.
நர்சிங் விண்ணப்பத்தின் அடியில்
எறும்பு எழுத்தில் ஒரு வரி:
கணவனால் கைவிடப்பட்டோருக்குத் தளர்வு உண்டு.

ஈ-சேவை மையத்து மின்விசிறி
அந்தத் தாளைத் தூக்கித் தூக்கிப் போட்டது.
உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டேன்,
பக்கத்தில் நின்றவர் படித்துவிடாதபடி.

பதினோரு வருடமாக ஒரே பதில் வைத்திருந்தேன்.
"பெங்களூர்ல. சென்ட்ரிங் வேலை. பொங்கலுக்கு வருவாரு."
பொங்கலுக்குப் பொங்கல்
ஆண்கள் சட்டை ஒன்று வாங்கி
நனைத்துக் கொடியில் போட்டேன்.
காவேரிப்பட்டணத்தில் அதை நம்பாதவர் யாருமில்லை,
அல்லது
நம்பவில்லை என்று சொன்னவர் யாருமில்லை.

மாங்கூழ் ஆலையிலும் பெங்களூராதான்.
லாரி லாரியாக வந்து இறங்கும்,
கிளிமூக்கும் காம்புப் பாலுமாக.
அழுகல் நறுக்கி பெல்ட்டில் தள்ளித் தள்ளி
சீசன் முடிவதற்குள் விரலிடுக்கு வெந்துபோகும்.

ஒரு ஜூன் ராத்திரி ஷிஃப்டில்
மெஷினில் பவுனம்மாவின் கை மாட்டியது.
கத்தியவர்கள் நிறையப் பேர்.
துப்பட்டாவை முறுக்கி முழங்கைக்கு மேல் கட்டி
அந்தக் கையைத் தூக்கிப் பிடித்தபடியே
கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரி வரை போனது நான்.
"யாரும்மா இதைக் கட்டினது?" என்றார் வார்டு சிஸ்டர்.
திட்டப்போகிறார் என்று
அவருடைய வெள்ளைச் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
திட்டவில்லை.

மார்க் ஷீட் கல்யாணப் பத்திரிகைக்கு அடியில் இருந்தது.
உயிரியல் நூற்று எழுபத்தெட்டு.
யாரோ ஒரு முனிரத்னா வாங்கியது.

'எந்தத் தேதி முதல் கைவிடப்பட்டார்?'
அப்படியொரு கட்டம் படிவத்தில் இருந்தது.
அவர் போனது ஒரு நாள்.
வருகிறேன் என்று சொல்லி வராதது ஒரு நாள்.
வாசலில் பைக் சத்தம் கேட்டும்
நான் எழுந்து பார்க்காதது வேறொரு நாள்.
முதல் நாளை எழுதினேன்.
அன்றைக்கு சிலிண்டர் வந்தது, ரசீது இருக்கிறது.

சாட்சிக்கு ஆள் வேண்டும் என்றார் வருவாய் ஆய்வாளர்.
திம்மராயனின் தங்கை கெம்பம்மா
ராயக்கோட்டை தக்காளி மண்டிக்கு லீவு சொல்லிவிட்டு
இரண்டு பஸ் மாறி வந்தாள்.
ஏழு வருடமாக எங்களுக்குள் பேச்சில்லை.
"எங்கண்ணன் இவள உட்டுட்டுப் போனது நெசம்."
கையெழுத்துப் போட்டாள்,
பெரிய பெரிய எழுத்தாக, கோட்டைத் தாண்டி.
வெளியே வந்ததும்,
"சட்டை வாங்கறத இனிமே உடு" என்றாள்.
டீ நான் வாங்கினேன்.
பன் அவள்.

கலந்தாய்வு ஹாலில் எல்லாம் ரெட்டைப் பின்னல்கள்.
ஃபைலை மார்போடு அணைத்த அப்பாக்கள்.
என் முறை வந்தது.
"பிள்ளையை முன்னாடி வரச் சொல்லும்மா"
தலை நிமிராமல் சொன்னார் மேஜைக்காரர்.
"நான்தாங்க பிள்ளை."
நிமிர்ந்தார்.
சிரிக்கவில்லை. அதற்கு அவருக்கு நன்றி.

திரையில் இடங்கள் ஒவ்வொன்றாகச் சிவந்துகொண்டிருந்தன.
"தருமபுரி ஒண்ணு இருக்கு. வேணுமா?"
தலையாட்டினேன்.
"வாயால சொல்லணும்மா, மைக் இருக்கு பாருங்க."
வேணும் என்றேன்.
ஹாலின் கடைசி நாற்காலி வரைக்கும் அது போய்
எனக்கே திரும்பி வந்தது.
இவ்வளவு சத்தமாக
எதையும் நான் கேட்டதில்லை.

ஊருக்கு வந்த மறுநாள்
கொடியில் கிடந்த சட்டையை லோகித் எடுத்து மாட்டிக்கொண்டு
தண்ணீர் பிடிக்கப் போனான்.
பின்பக்கம் பார்த்த யசோதாக்கா
ஓடி வந்து கேட்டாள்:
"யாரு, ஒன் வீட்டுக்காரரா வந்திருக்காரு?"

"போயிட்டாருக்கா.
பதினோரு வருசம் ஆச்சு."

குடத்தோடு திரும்பி வந்தான் பையன்.
சட்டை அவனுக்குச் சரியாகத்தான் இருந்தது.
தோளில் மட்டும் கொஞ்சம் தளர்வு.