தேய்மானம்

காலை ஏழே முக்காலுக்கு
ஈரத்துணியால் நேற்றைத் துடைப்பதுதான்
என் முதல் வேலை.
விபத்தில்லா நாட்கள்: 311.
கடைசி இரண்டு ஒன்றும்
ஜன்னலுக்கு வெளியே நிற்கும் காற்றாலைகளாட்டம்
விறைப்பாக நின்றன.

முன்னூற்று அறுபத்தைந்தில்
ஆளுக்கொரு குக்கர், ஐந்து லிட்டர்.
பணகுடிக் கடையில் சொல்லி வைத்தாயிற்று.
மேனேஜருக்கு என்ன கிடைக்கும் என்று
எங்களுக்குத் தெரியாது.

பாளையங்கோட்டையிலிருந்து ஹெப்சிபா வந்தார்,
ஆராய்ச்சிக்கு.
நாற்பத்திரண்டு கேள்வி.
முழுவதும் ஒப்புகிறேன் தொடங்கி
முற்றிலும் மறுக்கிறேன் வரை ஐந்து கட்டம்.
ஒரே பேனா கைமாறிக் கைமாறிச் சுற்றியது.
இருபத்தாறு பேரும் முழுவதும் ஒப்பினோம்.
பதினெட்டாம் கேள்வியில்
அச்சுப்பிழையால் அர்த்தம் தலைகீழாகியிருந்தது.
அதையும் ஒப்பினோம்.

தாள்களைப் பையில் வைத்துவிட்டு
'நூலிழையில் தப்பியவை' பதிவேட்டைக் கேட்டார்.
ஸ்டோரில் அடியில் கிடந்ததை எடுத்துக் கொடுத்தேன்.
முதல் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டிருந்தன,
ஊதித்தான் பிரிக்க வேண்டியிருந்தது.
"ஒண்ணும் நடக்கல மேடம்" என்றார் மேனேஜர்.
"ஒண்ணும் எழுதல" என்றார் அவர்,
பக்கத்தைப் பார்த்தபடியே.

யார் தப்பு செய்தார்கள் என்று கேட்கவில்லை.
டீ ஆறும்வரை இருந்து
உங்க வேலைய எது கஷ்டமாக்குது என்றார்.
அதற்குக் கட்டம் இல்லை.

ஐப்பசி. காற்றில்லை.
மகேந்திரகிரி மேல் மேகம் உட்கார்ந்திருந்தது.
லிகோரிதான் வாயைத் திறந்தார்:
"ஆனி ஆடியில காத்து பேயா அடிக்கும்லா,
அந்நேரம் ஒரு மெஷினை நிப்பாட்டணும்னா
சென்னைக்குப் போன் போடணும்.
அவிய இன்னொருத்தருக்குப் போடுவாவ.
எத்தனை யூனிட் போவும்னு கேப்பாவ.
எத்தனை பேரு மேல நிக்கோம்னு
இதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கல."

மேலே ஏறும் ஒவ்வொருவருக்கும் ஒரு பூட்டு,
அவனவன் சாவி அவனவன் சட்டைப்பையில்.
எழுதி ஒட்டியிருக்கிறது.
இங்கே மூன்று பேருக்கு ஒரு பூட்டு.
மாசியில் இருபது பூட்டுக்கு எழுதி அனுப்பியது நான்.
அடுத்த காலாண்டில் மீண்டும் அனுப்பவும் என்று
பச்சை மையில் திரும்பி வந்தது.
வைகாசியிலும் அதே பச்சை.

இருநூற்று நான்காம் நாள், ஆடி.
எண்பது மீட்டர் உயரத்தில் பூலுடையார்
ஹப்புக்குள் கையை விட்டிருந்தான்.
கீழே சாவி வைத்திருந்தவனுக்கு
அது பதினாலாவது மணி நேரம்.
இரண்டு பேர் இறங்கக் கண்டவன்
மூன்று என்று எண்ணிக்கொண்டான்.
பிரேக் விட்டது.

பழசைக் கொடுத்தால்தான் புதுசு.
இறங்கி வந்து என் கவுண்டரில் வைத்தான்:
இரண்டு விரல் இல்லாத கையுறை.
பக்கத்திலேயே
ஐந்து விரலும் நடுங்கும் கை.
காரணம் என்ற கட்டத்தில்
தேய்மானம்
என்று எழுதியவள் நான்.
யாரும் சொல்லி எழுதவில்லை.
இன்னும் நூற்று அறுபத்தோரு நாள்தானே என்று
அவன் சிரித்தான், நானும்.
மறுநாள் 205.
கையெழுத்து நன்றாகவே இருந்தது.

நூலிழையில் தப்பினால் எண்ணிக்கை மாறாதாம்.
விதியே அப்படித்தானாம்.
ஹெப்சிபா சொல்லித்தான் தெரியும்.
மறைக்கத் தேவையே இல்லாததை
அத்தனை பேரும் சேர்ந்து மறைத்திருக்கிறோம்.
அவர் குறிப்பேட்டை எட்டிப் பார்த்தேன்.
பூலுடையார் பெயர் இல்லை.
சாவி வைத்திருந்தவன் பெயரும் இல்லை.
பூட்டு என்று எழுதி
அதைச் சுற்றி ஒரு வட்டம்.
பக்கத்தில், பச்சை மை யாருடையது?

இன்று துடைத்துவிட்டேன்.
பதிவேட்டில் முதல் வரி:
கையுறை, இடது, ஒன்று. ஆடி.
இரண்டாம் வரிக்கு வார்த்தை தேடுவதற்குள்
மணி எட்டரை.
பலகையில் ஈரம் காய்ந்துவிட்டது.
மேனேஜர் படியிலிருந்தே கேட்டார்:
"இன்னிக்கு எத்தனைம்மா?"

"இன்னும் எண்ணலை சார்."