பழைய ஓட்டை

விசிறி சுற்றுகிறது. சிவப்பு விளக்கு எரிகிறது.
திரை மட்டும் கறுப்பு.

கொழும்பில் எவனோ நாணயம் தோண்டிக்
களைத்துக் கைவிட்ட கிராபிக்ஸ் கார்ட்.
முப்பத்தெட்டாயிரம், சீட்டுக்காசு.
இரவு பஸ்ஸில் மருதமுனைக்கு வந்து
என் பதினாறு வருசப் பெட்டிக்குள்
ஒரு தகட்டை அறுத்த பிறகே நுழைந்தது.

முதலில் பெட்டி கத்தியது:
ஒரு நெடில், மூன்று குறில்.
எந்த இலக்கணத்திலும் அதற்குக்
கரண்ட் போதாது என்றே பொருள்.
கல்முனையில் பவர் சப்ளை வாங்கி மாட்டினேன்.
கத்தல் நின்றது. கறுப்பு நின்றபடி.

தங்கப் பற்களை அழிறப்பரால் தேய்த்தேன்.
கடல் கூப்பிடு தூரம்; இங்கே
திருகாணியிலும் உப்புப் பூக்கும்.
பயாஸ் பற்றரியைக் கழற்றி
ஒரு தேத்தண்ணி நேரம் வெளியே வைத்துப் போட்டேன்.
கறுப்பு.

பழைய கார்ட் செத்தபோது
அறுபத்தொரு வீதத்தில் நின்றுபோனவள்
மணமகள் சிபானா.

மாப்பிள்ளை அஜ்வத் வாசலில்.
"நாளைக்கு பிளைட் ராத்தா,
கட்டாருக்குக் கொண்டு போகணும்."
குனிந்து பெட்டியின் முதுகைப் பார்த்தான்.
"இந்த வயர் பழைய ஓட்டையிலதானே இரிக்கி?"

இரண்டு பேரும் சிரிக்கவில்லை.
மாற்றிக் குத்தினேன்.
வெளிச்சம். அதில் தேதி:
2009 சனவரி 1.

அதைத் திருத்தாமல் எதுவும் திறக்காது.
விசையை அழுத்தி அழுத்தி
வருசங்களை ஏற்றினேன்.
பத்தொன்பதில் அவன் கதவைப் பார்த்தான்.
இருபதில் நான் எதையும் பார்க்கவில்லை.
இருபத்திரண்டில் கை தானாக
டோர்ச்சைத் தேடியது.

பிறகு சிபானா
பூச்சியத்திலிருந்து
மறுபடி கிளம்பினாள்.