வலக்கண் ஊர், இடக்கண் ஊர்

எத்தேரிக்கு வலக்கண்ணில் புரை நீக்கி மூன்று வாரம்.
இடதுக்கு அடுத்த மாதம் நாள் குறித்திருந்தார்கள்.
இடையில் ஒரு சனிக்கிழமை,
திபிலிசியிலிருந்து வேனில் இரண்டு மணி நேரம்,
சிக்னாகி.

கோட்டைச் சுவரில் ஏறி
ஒரு கண்ணைப் பொத்தினாள். மற்றதைப் பொத்தினாள்.
"மக்வாலா, சமவெளி முழுக்க
இந்தக் கண்ணுக்குத் துவைத்து வந்திருக்கிறது,
அந்தக் கண்ணுக்கு இன்னும் அழுக்குக் கூடையில்."
சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.
நான் அக்ரூட் கோத்த சுர்ச்கேலா வாங்கும் சாக்கில்
கடைப்பக்கம் நகர்ந்தேன்.

அருங்காட்சியகத்தில் மூன்றாம் கூடம்.
வரைந்தவர் பெயர் தெரியவில்லை என்கிறது சீட்டு.
மேசை, பாதி வெட்டிய ரொட்டி,
சன்னலோரம் பிரிக்காத கடிதத்தோடு ஒருத்தி.

"வலதில் விடிகிறது," என்றாள் எத்தேரி.
"இடதில் விளக்கு வைக்கும் நேரம்.
காலை என்றால் பிரித்துவிடுவாள்.
மாலை என்றால் மாட்டாள்."
எனக்கு இரண்டு கண்ணிலும் ஒரே நேரம்:
பன்னிரண்டே கால்,
பசி.

பதினாறு வருடமாய் அந்தக் கூடத்தைக் காக்கும் லம்சீரா
நாற்காலியை விட்டு எழுந்து வந்து
தானும் ஒரு கண்ணைப் பொத்திப் பார்த்தாள்.
"படித்துவிட்டுத்
திரும்ப ஒட்டியிருக்கிறாள்," என்றாள்.

திரும்பும் வழியில், வேனின் குலுக்கலில்,
ஆஸ்பத்திரிச் சீட்டைக் கைப்பையிலிருந்து எடுத்தாள்.
"நாளைத் தள்ளிப் போடலாமா?"
"டாக்டர் திட்டுவார்."
"திட்டட்டும்.
அவளை இன்னொரு தரம்
இரண்டு பேராகப் பார்க்க வேண்டும்."

சுர்ச்கேலாவை நீட்டினேன்.
எந்தக் கண்ணாலும் பாராமல்
கடித்தாள்.