சரிவு

யெல்ட்யே ஹொஃப்ஸ்ட்ராவை நான் பார்த்ததில்லை.
அவர் இதயத்தை மட்டும்
செவ்வாய் இரவு பதினொன்றேகாலிலிருந்து
சுட்டியால் பிடித்துத் திருப்பிக்கொண்டிருக்கிறேன்.

லேவார்டனில் மழை.
மருத்துவமனையின் நான்காம் மாடி.
கணினிகளின் சூட்டுக்காகவே
ஒரு ஜன்னலைச் சாத்துவதில்லை.
கோப்பு சொல்கிறது:
வயது ஐம்பத்து நான்கு.
நீரேற்று நிலையத்தில் இரவு முறை.
படியேறினால் தாடையில் வலி.
இன்னும் வேலைக்குப் போகிறார்.

முந்நூற்று இருபது சாம்பல் துண்டுகள்.
ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க
இலையுதிர்ந்த கிளையாக எழுந்து நிற்கிறது தமனி.
சுண்ணாம்பு படிந்த இடத்தில்
மென்பொருள் ஏமாந்துவிடும்,
பளீரென்ற வெள்ளையைப் பருமனென்று நம்பும்.
அங்கே மட்டும் என் கை.
ஒரு புள்ளி உள்ளே தள்ளினால் நோய்,
ஒரு புள்ளி வெளியே இழுத்தால் நலம்.
இந்த அதிகாரத்தை எனக்கு யார் கொடுத்தார்கள் என்று
நள்ளிரவில் கேட்டுக்கொள்ளக் கூடாது.

பிறகு ரத்தம் விடுகிறேன்.
ரத்தமில்லை, சமன்பாடு.
ஒரே ஒரு துடிப்பைக் கணக்கிட
நாற்பது நிமிடம் ஆகிறது.
அதற்குள் அசல் இதயம்
பதினான்கு கிலோமீட்டர் அப்பால்
ஏறக்குறைய மூவாயிரம் முறை துடித்திருக்கும்;
அதை உடையவர்
கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கும் வயல்களிலிருந்து
இந்த மழையை
மேலே இறைத்துக்கொண்டிருப்பார்.

நிறங்கள் வருகின்றன.
தொடக்கத்தில் சிவப்பு. முழு அழுத்தம். ஒன்று.
நான் காத்திருந்தது ஒரு வெட்டுக்கு:
சிவப்பு, சட்டென்று நீலம்.
வெட்டு இருந்தால் வேலை சுலபம்.
அந்த இடத்தில் ஒரு ஸ்டென்ட்,
ஒரு கையெழுத்து, ஒரு காபி.

வெட்டு இல்லை.
ஆரஞ்சு, மஞ்சள், பச்சை,
எங்கே மாறியதென்று சொல்லவிடாமல்
இறங்கிக்கொண்டே போகிறது.
நுனியில் புள்ளி ஏழு நான்கு.
புள்ளி எட்டுக்குக் கீழே என்றால்
கவலைப்பட வேண்டும் என்பது எங்கள் கணக்கு.

திரையில் ஸ்டென்ட் வைத்துப் பார்த்தேன்.
எத்தனை முறையும் வைக்கலாம்,
திரையில் யாருக்கும் வலிக்காது.
நடுவில், பதினெட்டு மில்லிமீட்டர்:
புள்ளி ஏழு ஆறு.
மேலே, இருபத்தெட்டு:
புள்ளி ஏழு ஏழு.
பேராசைப்பட்டு இரண்டையும் சேர்த்து வைத்தால்
புள்ளி ஏழு எட்டு.
அழித்தேன்.
தமனி பழையபடி வந்து நின்றது,
எதையும் மனதில் வைத்துக்கொள்ளாமல்.

அறிக்கையில் ஒரு கட்டம் உண்டு,
சிகிச்சைக்குரிய இடம் எது என்று.
வெறுமையாக விட்டால் மென்பொருள் ஏற்காது.
'இடமில்லை' என்று எழுதினேன்.
திரும்பப் படித்தபோது
நிரம்பிய பேருந்து சொல்வதுபோல் இருந்தது.

காலையில் டாக்டர் ஊனெமா
ஈரக் கோட்டோடு திரைமுன் நின்றார்.
"அப்படியென்றால் எங்கேதான் அடைத்திருக்கிறது?"
"எங்கேயும் இல்லை.
எல்லா இடத்திலும் கொஞ்சம்."
வியாழனுக்கு ஒதுக்கியிருந்த அறுவை அறையை
அவரே போன் செய்து விட்டுக்கொடுத்தார்.

யெல்ட்யேவிடம் படத்தைக் காட்டியிருக்கிறார்.
புரிந்த மொழியில் சொல்வோமென்று
கால்வாயை உவமைக்கு இழுத்திருக்கிறார்:
பம்ப்பில் கோளாறில்லை, அம்மா,
வழி நெடுகத்தான் வண்டல்.
அவர் பார்த்துக்கொண்டே இருந்தாராம்.
"கால்வாயை வருஷத்துக்கு ஒருமுறை
தூர்வாருவோம், டாக்டர்.
இதை?"

மாத்திரைகள். நடை.
மூன்று மாதம் கழித்து வரவும்.
இதைச் சொல்லும்போது டாக்டர்
என்னைப் பார்க்காமல்
குடையின் கம்பியை நிமிர்த்திக்கொண்டிருந்தார்.

இன்று லிஃப்டை விட்டுப் படியேறினேன்.
மூன்றாம் மாடியில் நின்று
தாடையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.
வெளியே இன்னும் மழை.
யாரோ எங்கோ இறைத்துக்கொண்டிருந்தார்கள்.