உலர்ந்த எடை

சூடையும் பாரையும் ஏறி இறங்கும் தராசில்
ஒரு சூட்கேஸை வைத்தேன்.
“கனடாவுக்கா மிஸ்?” என்றார் முபாரிஸ்.
கிண்ணியா மீன்வாடியில்
காலை ஏலம் முடிந்து தரை கழுவியிருந்தார்கள்.

மூன்று நாள் வெயிலில் காயவைத்த பிறகுதான்
நிறுக்கவேண்டும் என்பது கொம்பனி விதி.
விழுந்தபின் ஏறிய தண்ணீரை
விழுமுன் இருந்த பாரத்தோடு சேர்க்கக்கூடாது.

பெரிய பெட்டி பத்தொன்பது.
சின்னது பதினேழு. உள்ளே சாறிகள்,
உப்புப் பூத்து, மடிப்புக் குலையாமல்.
கமராப் பெட்டி பதினொன்று.
கடைசியாய், சாக்கில் கட்டிய கட்டாக் கருவாடு.
அது விமானியுடையது,
இரத்மலானையில் யாரோ சிநேகிதனுக்கு.
ஏற்கெனவே காய்ந்ததை
இன்னொரு தரம் காயவைத்திருக்கிறேன்.
விதி விதிதானே.
பதினாலு.

மொத்தம் அறுபத்தொன்று.

பாரப் பத்திரத்தில் ‘பொதிகள்: பதினைந்து’ என்றிருந்தது.
ஆட்களுக்கு நேரே
எழுபத்தேழு எழுபத்தேழு எழுபத்தேழு,
ஒரே பேனை, ஒரே சாய்வு.
கனகேந்திரன் தொண்ணூற்றொன்று.
மனைவி சுலோஜனா அறுபத்திரண்டு.
கப்டன் பார்தலோட் எழுபத்தொன்பது.
கூட்டிப் பார்த்தால் ஒரு கிலோதான் பிழை.
மனிதரில் வந்த பிழை அவ்வளவுதான்.
எரிபொருள் பாதி என்றது பத்திரம்,
முக்கால் என்றது பவுசர்காரனின் பற்றுச்சீட்டு.
பெட்டி, சாக்கு எல்லாவற்றையும்
சீனன்குடாவிலேயே இறக்கியிருந்தால்
இம்மியும் மீறியிராது.

ஆனி மாதம். பகல் பன்னிரண்டரை. கச்சான்.
சூடேறினால் காற்று ஐதாகும்,
சிறகுக்கு அதில் பிடிமானம் போதாது.
எழும்பியது.
ஏறவில்லை.
தென்னை உயரத்தில் திரும்பப் பார்த்திருக்கிறார்.
சாய்ந்து திரும்புகையில் சிறகுக்குக் கனம் இன்னும் கூடும்.
தம்பலகாமக் குடாவில் அந்த இடத்தில்
தண்ணீர் இடுப்பளவு.
அதில் கனகேந்திரன் செத்துப்போனார்.

காலைத் தூக்கிக் கட்டியிருந்த கட்டிலில் கிடந்து
கப்டன் சொன்னார்:
“நெடுக இப்பிடித்தான் மிஸ் கொண்டுபோறது.
ஒருநாளும் ஒண்டும் நடக்கேல்ல.”
பொய்யில்லை. பதிவேட்டில் பதினொரு பயணம்,
பதினொன்றும் விடிய ஆறரைக்கு, குளிர்ந்த காற்றில்.
கொப்பியில் எழுதிக்கொண்டு சாமான் கொடுக்கிற கடைக்காரனைப்போல
காற்று ஒன்றும் சொல்லவில்லை.

ஒப்பந்தம், பக்கம் ஒன்பது:
‘அனுமதித்த நிறைக்கு மேல் பறப்பின்
நிறுவனம் பொறுப்பேற்காது.’
பன்னிரண்டு வருடமாய்
இப்படியான வரிகளை வாசிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

உவர்மலையில், தங்கை வீட்டு முன்னறையில்,
கையெழுத்து வைத்தபின் சுலோஜனா கேட்டார்:
“என்ர சாறி எத்தினை கிலோ வரும்?”
நிறுத்ததைச் சொன்னேன். மூன்று.
“அவர் கருவாடு ஏத்தினதை நாங்கள் பாத்தனாங்கள்.
மணக்கப்போகுதெண்டு சிரிச்சனாங்கள்.”
கொஞ்சம் பொறுத்து,
“எங்களை ஒருத்தரும் தராசில ஏறச் சொல்லேல்ல, பிள்ளை.”

படிவத்தில் அதற்கொரு கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதினேன்:
பயணிகளின் எடை கேட்கப்படவில்லை.
கொழும்பில் அதைச் சிவப்பால் வெட்டக்கூடும்.
வழக்கென்று போனால்
ஒரு சட்டத்தரணி அந்த ஓரத்தில் விரல் வைக்கவும்கூடும்.
எனக்குத் தெரியாது.

முபாரிஸின் தராசுக் கூலி இருநூறு,
‘ஏனையவை’யில் போட்டேன்.

கருவாட்டை மட்டும் யாரும் வந்து எடுக்கவில்லை.
சான்றுப்பொருள் இலக்கம் நாலு,
என் கதிரைக்குப் பின்னால் சாக்கோடு கிடக்கிறது.
பூனைக்குப் பயந்து ஜன்னலைச் சாத்தியிருக்கிறேன்.
மாரி தொடங்கிவிட்டது, சுவரெல்லாம் ஈரம்.
நேற்று, சும்மா, மறுபடி நிறுத்துப் பார்த்தேன்.

பதினைந்து.